ரெம் தூக்கத்துல ஓடுற தீட்டா அலை வெறும் சத்தமா, இல்ல ஞாபகத்துக்கு வேலை செய்யுதா?

பிசியாலஜி படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தாரு, கேள்வியை அப்படியே சுருக்கிச் சொல்றேன். ரெம் தூக்கம்தான், அதாவது கண்ணு வேகமா ஓடுற அந்தத் தூக்கம்தான், ஞாபகத்தைப் பதிய வைக்குதுன்னு பாக்குற வீடியோல எல்லாம் சொல்றாங்க, ஆனா எங்க சார் கிளாஸ்ல அது இன்னும் சண்டையில இருக்குற விஷயம்னு சொல்றாரு, அப்புறம் ரெம்ல ஓடுற தீட்டாங்கற மூளை அலை ஞாபகத்துக்கு உதவுதுன்னா என்ன அர்த்தம், பைக் ஓடும்போது சத்தம் வருது, அந்தச் சத்தமா பைக்கை ஓட்டுது, அந்த மாதிரி அலையும் சும்மா கூட வர்ற சத்தமா இருக்கலாமேன்னு கேக்குறாரு. கடைசில ரெண்டு குட்டிக் கேள்வி: தீட்டா மியூசிக் போட்டுட்டு தூங்கினா பிரயோஜனம் உண்டா, பரீட்சைக்கு நாலு மணிக்கு எழுந்து படிக்கிறது நல்லதா கெட்டதா.

தம்பி, அந்த பைக் சத்தம் உதாரணம் சரியான இடத்துல கை வெச்சிருக்கு. இந்த ஃபீல்டுல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் பல வருஷம் மாட்டிக்கிட்டு நின்ன இடமே அதுதான். இப்போதைக்கு என் பதில்: சுண்டெலியோட ஒரு வகை ஞாபகத்தைப் பொறுத்த வரைக்கும் அது வெறும் சத்தம் கிடையாதுன்னு 2016ல காட்டிட்டாங்க, எப்படிக் காட்டினாங்கங்கறதுதான் இதுல ரொம்ப அழகான விஷயம், அதனால அதுக்கு நிறைய இடம் எடுத்துக்கப் போறேன். உங்க சார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அதுக்கும் வர்றேன்.

நான் ஸ்லீப் லேப்ல டெக்னீஷியன், ராத்திரி ஒன்பது மணிக்கு பேஷண்ட் தலையில பேஸ்ட் வெச்சு எலக்ட்ரோடு ஒட்டிட்டு விடிய விடிய ஸ்கிரீனைப் பாத்துட்டு உக்காந்திருக்கிற வேலை. ஒரு பக்கம்னா 30 செகண்டு, எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கம் வரும், ஒவ்வொண்ணா பாத்து இது எந்த ஸ்டேஜ்னு குறிக்கணும். முதல் மூணு மணி நேரம் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கம்தான் நிறைய இருக்கும், திரை முழுக்க பெருசு பெருசா மெதுவா ஏறி இறங்குற அலை, கடல் மாதிரி. அப்புறம் ஒரு கட்டத்துல அது எல்லாம் அடங்கி, லைன் எல்லாம் சின்னதா, முழிச்சிருக்குற ஆளோட மூளை மாதிரி குறுகுறுன்னு ஓட ஆரம்பிக்கும். புதுசா வேலைக்கு வர்றவங்க எல்லாரும் "சார், பேஷண்ட் முழிச்சிட்டாரு"ன்னு சொல்லுவாங்க. அப்பதான் தாடைக்குக் கீழ ஒட்டியிருக்குற சேனலைக் காட்டுவேன், அது கோடு போட்ட மாதிரி தட்டையா கிடக்கும், ஏன்னா உடம்புத் தசையே தளர்ந்து போச்சு, முழிச்சவங்களுக்கு அப்படி இருக்காது. அதே நேரம் வலது கண் இடது கண் ரெண்டு சேனலும் ஒண்ணு மேல போனா இன்னொண்ணு கீழ போகுற மாதிரி எதிரெதிரா சடார் சடார்னு வெட்டும். நடுநடுவுல ரம்பப் பல் மாதிரி ஒரு அலை வரும், நாங்க அதை சாடூத்னுதான் சொல்றது. அதுதான் ரெம். முதல் தடவை வர்றப்போ சில நிமிஷம்தான் நிக்கும், சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும், விடியக்காலைல வர்றது அரை மணி நேரம் அதுக்கு மேலயும் நிக்கும். பெரியவங்களுக்கு மொத்தத் தூக்கத்துல 20லேர்ந்து 25 சதவீதம் இதுதான், பிறந்த குழந்தைக்கு பாதிக்குப் பாதி.

இதைக் கண்டுபிடிச்சது சிகாகோ யூனிவர்சிட்டில யூஜின் அசெரின்ஸ்கினு ஒரு ஸ்டூடண்ட், அவரோட கைடு நதானியல் கிளைட்மேன், 1953ல வெளியிட்டாங்க. அசெரின்ஸ்கி தன்னோட எட்டு வயசுப் பையன் ஆர்மண்ட் தலையிலயே எலக்ட்ரோடு ஒட்டி ராத்திரி முழுக்கப் பாத்தவரு. கண்ணு இப்படி ஓடுதுன்னா பையன் முழிச்சிருக்கான்னு நெனச்சு ரூமுக்குள்ள போய்ப் பாத்தா அவன் அசந்து தூங்கிட்டு இருந்திருக்கான். 1959ல பிரான்ஸ்ல லியோன்ல மிஷேல் ஜூவே பூனைங்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு இதுக்கு முரண்தூக்கம்னு பேரு வெச்சாரு, மூளை முழிச்சிருக்கு உடம்பு செத்த மாதிரி கிடக்குன்னு.

சரி, அலைக்கு வருவோம். இங்க ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடணும், ஏன்னா நிறைய பேர் இதுல குழம்புறாங்க. தீட்டா அலைன்னு ஞாபக ஆராய்ச்சில பேசுறது நான் தலைக்கு வெளியில ஒட்டுற எலக்ட்ரோடுல பாக்குற அலை இல்ல. அது மூளைக்கு உள்ள, காதுக்கு நேரா ஆழத்துல, கடல்குதிரை மாதிரி வளைஞ்சு கிடக்குற ஹிப்போகேம்பஸ்ல ஓடுறது. புது ஞாபகம் முதல்ல தங்குற இடம் அது, எந்த இடத்துல என்ன நடந்துச்சுங்கற மாதிரி ஞாபகம் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கு. எலிக்கு அங்க ஒரு ஊசி எலக்ட்ரோடு இறக்கிப் பாத்தா ரொம்பத் தெளிவா, செகண்டுக்கு ஆறேழு எட்டு தடவைன்னு, கையால வரைஞ்ச மாதிரி அலை ஓடும். எப்போ ஓடும்னு பாத்தா, எலி புது இடத்தை மோந்து பாத்துக்கிட்டு சுத்தி வர்றப்போ ஓடும், ஒரே இடத்துல உக்காந்து தீனி தின்னா போயிடும், ஆழ்ந்த தூக்கத்துலயும் இருக்காது, ஆனா ரெம் வந்தவுடனே மறுபடி அதே அலை பளிச்சுன்னு வந்துடும். உடம்பு அசையாம கிடக்கு, மூளைக்குள்ள ஊர் சுத்துற தாளம் ஓடுது. மனுஷங்களுக்கு இவ்வளவு பளிச்சுன்னு இருக்காது, கொஞ்சம் மெதுவா, விட்டு விட்டு வரும், அதுவும் வலிப்பு ஆபரேஷனுக்காக மூளைக்குள்ள எலக்ட்ரோடு வெச்ச பேஷண்டுகள் கிட்டதான் நேரா அளக்க முடிஞ்சிருக்கு.

இந்தத் தாளத்தைப் போடுறது யாருன்னா ஹிப்போகேம்பஸ் தானா போடுறது இல்ல. மூளையோட நடுப்பகுதில மீடியல் செப்டம்னு ஒரு சின்ன இடம், அங்க காபாங்கற கெமிக்கலை விடுற நியூரான்கள் இருக்கு. காபான்னா அடக்குற கெமிக்கல். இந்த செப்டம் நியூரான்கள் ஹிப்போகேம்பஸ்ல இருக்குற அடக்குற நியூரான்களைத் தாளத்தோட அடக்கும், அடக்குறவனை அடக்கினா மத்தவனுக்கு ஒரு நொடி விடுதலை கிடைக்கும்ல, அப்படி விட்டு விட்டு விடுதலை கிடைக்கிறதுலதான் அலை உருவாகுது. ஜோனதன் வின்சன்னு ஒருத்தர் 1978லயே எலிக்கு இந்த செப்டத்தைச் சேதப்படுத்திப் பாத்தாரு, தீட்டா போச்சு, கூடவே எலிக்கு இடம் சம்பந்தப்பட்ட ஞாபகமும் போச்சு. ஆனா அது நிரந்தரச் சேதம், முழிச்சிருக்கும்போதும் தீட்டா கிடையாது, அதனால தூக்கத்துல ஓடுற தீட்டாவுக்கு தனியா என்ன வேலைன்னு அதை வெச்சுச் சொல்லவே முடியாது.

அப்ப ரெம்மை மட்டும் எடுத்துட்டுப் பாக்கலாமேன்னு தோணும். அதைத்தான் வருஷக்கணக்கா பண்ணாங்க. ஜூவே காலத்துலேர்ந்து வந்த ஒரு முறை உண்டு, பூந்தொட்டி முறைன்னு சொல்லுவாங்க. ஒரு தொட்டித் தண்ணி, நடுவுல கவுத்து வெச்ச பூந்தொட்டி, அது மேல எலி. சாதாரண தூக்கம் தூங்கலாம், உக்காந்தபடியே தூங்கிடும். ரெம் வந்தா தசை தளர்ந்துடும்னு சொன்னேன்ல, தளர்ந்தவுடனே தண்ணில சரிஞ்சு விழும், முழிச்சுக்கும். இப்படி நாள் கணக்குல வெச்சிட்டு பாத்தா எலி பாடம் மறந்து போகுது. உடனே ரெம் இல்லாததாலதான் மறந்துச்சுன்னு எழுதினாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, விடிய விடிய பச்சைத் தண்ணில விழுந்து எழுந்த ஜீவனுக்கு என்ன டென்ஷன் இருக்கும், டென்ஷன் ஹார்மோனே ஞாபகத்தைக் கெடுக்கும்னு எல்லாருக்கும் தெரியும். மனுஷங்க கிட்ட எழுப்பி விட்டுப் பண்ணதுல நல்ல வேலைன்னா இஸ்ரேல்ல வைஸ்மன் இன்ஸ்டிடியூட்ல கர்னி, சாகி குழு 1994ல பண்ணது. திரையில வேற மாதிரி சாய்ஞ்ச கோடுகளைச் சட்டுனு கண்டுபிடிக்கிற ஒரு கண் பயிற்சி, ராத்திரி தூங்கி எழுந்தா தன்னால முன்னேறும், ரெம்ல எழுப்பி எழுப்பி விட்டா முன்னேறல, ஆழ்ந்த தூக்கத்துல எழுப்பினா முன்னேறிச்சு. பூந்தொட்டியை விட எவ்வளவோ மேல். இருந்தாலும் எழுப்பினா ரெம்மோட சேத்து எல்லாமே போகுது, கெமிக்கல், தசை, கனவு, அலை, எல்லாம். எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது. பைக்கை நிறுத்திட்டு சத்தமும் நின்னுடுச்சு பாருன்னு சொல்ற கதைதான்.

பைக் ஓடிக்கிட்டே இருக்கணும், அந்தச் சத்தம்னு சொல்றது மட்டும் நிக்கணும், அப்ப பைக் ஊர் போய்ச் சேருதான்னு பாக்கணும். இதைத்தான் 2016ல பண்ணிக் காட்டினாங்க. ரிச்சர்ட் பாய்ஸ், சில்வான் வில்லியம்ஸ் மாண்ட்ரியல்ல மெக்கில் யூனிவர்சிட்டில, ஆன்ட்வான் ஆடமண்டிடிஸ் ஸ்விட்சர்லாந்து பெர்ன்ல.

எப்படிப் பண்ணாங்கன்னு நிதானமா பாருங்க. ஆப்டோஜெனடிக்ஸ்னு ஒரு டெக்னிக். உப்பு நிறைஞ்ச தண்ணில வாழற ஒரு வகை நுண்ணுயிர் கிட்ட வெளிச்சம் பட்டா வேலை செய்யுற ஒரு புரோட்டீன் இருக்கு, அதோட ஜீனை ஆபத்தில்லாத ஒரு வைரஸ் மூலமா சுண்டெலியோட மீடியல் செப்டத்துல காபா நியூரான்களுக்குள்ள மட்டும் போகுற மாதிரி ஏத்திடுறாங்க. அப்புறம் அந்த இடத்துக்கு முடி மாதிரி ஒரு ஃபைபர். ஃபைபர் வழியா ஆரஞ்சு கலர் லைட் விட்டா அந்த நியூரான் வாயை மூடிக்கும், லைட்டை நிறுத்தினா மறுபடி பேசும். மண்டையில வேற எலக்ட்ரோடு இருக்கு, அலை பாக்குறதுக்கு, கழுத்துத் தசைல ஒண்ணு. ஆராய்ச்சியாளர் ஸ்கிரீனைப் பாத்துட்டே இருப்பாரு, என்னை மாதிரியேதான். சுண்டெலி தூங்குது, ரெம் தொடங்கிச்சு, லைட் ஆன். ரெம் முடிஞ்சுது, லைட் ஆஃப். பாடம் கத்துக்கிட்டதுக்கு அப்புறம் நாலு மணி நேரம் இப்படி.

லைட் போட்டவுடனே தீட்டா படுத்துடுச்சு. ஆனா சுண்டெலி முழிக்கல! ரெம் அப்படியே தொடருது, தசை தளர்ந்துதான் இருக்கு, தூக்கத்தோட மொத்த நேரம், எத்தனை தடவை ரெம் வந்துச்சுங்கறது எதுவும் மாறல. இந்த ஒரு வரியை முதல் தடவை படிச்சப்போ எனக்கு நைட் டூட்டி தூக்கமெல்லாம் போயிடுச்சு, ஏன்னா தூக்கத்தைத் தொடாம தாளத்தை மட்டும் உருவி எடுத்துட்டாங்க.

என்ன பாடம்னா ரெண்டு. ஒண்ணு, ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு பொருள் வெப்பாங்க, சுண்டெலி மோந்து பாக்கும். மறுநாள் ஒரு பொருளை மட்டும் வேற மூலைக்கு நகர்த்தி வெப்பாங்க. நேத்து எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருந்தா நகர்ந்த பொருள்கிட்டதான் அதிக நேரம் நிக்கும், நம்ம வீட்டுல பீரோவை இடம் மாத்தி வெச்சா அதையே பாத்துக்கிட்டு நிப்போமே அது மாதிரி. ரெம் தீட்டா போன சுண்டெலிங்களுக்கு ரெண்டு பொருளும் ஒண்ணுதான், நகர்ந்ததுன்னே தெரியல. ரெண்டாவது பயம். ஒரு அறைக்குள்ள மணிச் சத்தம் கேக்கும், கால்ல லேசா ஷாக். மறுநாள் அதே அறைல விட்டா சாதாரண சுண்டெலி அப்படியே உறைஞ்சு நிக்கும். தீட்டா போனது அந்த அளவுக்கு உறையல, அந்த இடம் ஆபத்தான இடம்ங்கறது சரியா பதியல. ஆனா வேற அறைல வெச்சு மணிச் சத்தம் மட்டும் போட்டா ரெண்டும் ஒரே மாதிரி பயந்துச்சு. மணிச் சத்தத்துக்குப் பயப்படுறது அமிக்டலாங்கற இன்னொரு மூளைப் பகுதியோட வேலை, இடத்தை ஞாபகம் வெக்கிறது ஹிப்போகேம்பஸ் வேலை. தீட்டா போனதுல அடி வாங்கினது கரெக்டா ஹிப்போகேம்பஸ் ஞாபகம் மட்டும்தான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கன்ட்ரோல். லைட் போட்டதாலேயே மூளை சூடாகி ஏதாவது ஆயிருக்கலாம்னு கேக்கலாம்ல, அதுக்கு அந்த புரோட்டீன் இல்லாத சுண்டெலிக்கும் லைட் போட்டாங்க, ஒண்ணும் ஆகல. செப்டம் நியூரானை எப்போ அடக்கினாலும் ஞாபகம் கெடும்னு கேக்கலாம், அதுக்கு வேற சுண்டெலிங்களுக்கு அதே அளவு நேரம், ஆனா ரெம் இல்லாத நேரத்துல லைட் போட்டாங்க. ஞாபகம் நல்லாவே இருந்துச்சு. அதே நியூரான், அதே லைட், ரெம்ல அடக்கினா மட்டும் பாடம் போயிடுது. தம்பி கேட்ட பைக் சத்தக் கேள்விக்கு இதை விட நேரான பதிலை நான் இன்னும் பாக்கல.

சரி, அப்ப ஒரு தாளம் எப்படி ஞாபகத்துக்கு உதவும்? ஊஞ்சலை நெனச்சுக்கோங்க. பின்னாடி போய்த் திரும்புற நேரத்துல தள்ளினா மேல மேல போகும், நம்மைப் பாத்து வர்ற நேரத்துல அதே பலத்தோட தள்ளினா நின்னுடும். தள்ளுற பலம் ஒண்ணுதான், நேரம்தான் வேற. தீட்டாவும் அப்படித்தான், செகண்டுக்கு எட்டு அலைன்னா ஒரு அலைக்கு 125 மில்லி செகண்டு, அந்த 125க்குள்ள மேடு ஒண்ணு பள்ளம் ஒண்ணு. எலி ஹிப்போகேம்பஸ்ல மேடு வர்ற நேரத்துல ஒரு சின்ன கரண்ட் தூண்டல் குடுத்தா ரெண்டு நியூரானுக்கு நடுவுல இருக்குற இணைப்பு பலமாகுது, அதே தூண்டலைப் பள்ளத்துல குடுத்தா இணைப்பு பலவீனமாகுது. 80கள்லேர்ந்து பல லேப்ல திரும்பத் திரும்பப் பாத்தது இது. அப்ப தீட்டாங்கறது எதைக் கெட்டியாக்கணும், எதை லூசாக்கணும்னு நேரம் பிரிச்சுக் குடுக்குற தாளம்.

இதை வெச்சு ஜினா போங்கற ஆராய்ச்சியாளர் குழு 2000ல ஒரு விஷயம் பாத்தாங்க. எலி ஒரு பாதைல ஓடும்போது ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நியூரான் பேசும், இட நியூரான்னு சொல்லுவாங்க. புதுசா பாத்த இடத்தோட நியூரான் ரெம்ல தீட்டாவோட மேட்டுல பேசிச்சு. பல நாள் பழகிப்போன இடத்தோட நியூரான் கொஞ்சம் கொஞ்சமா பள்ளத்துக்கு மாறிடுச்சு. அதாவது புதுசை கெட்டியாக்கு, பழசு ஏற்கனவே மூளையோட மத்த பகுதிக்குப் போய்ச் சேந்துடுச்சு, இங்க அழிச்சு இடத்தைக் காலி பண்ணு. கரும்பலகைல ஒரு பக்கம் எழுதிக்கிட்டே இன்னொரு பக்கம் துடைக்கிற மாதிரி. இது அவங்க சொல்ற விளக்கம், எனக்கும் இதுதான் பொருந்துறதா படுது.

அடுத்த வருஷமே, 2001ல, எம்ஐடில லூயியும் வில்சனும் இன்னொண்ணு காட்டினாங்க. எலி வட்டப் பாதைல தீனிக்காக ஓடும்போது நியூரான்கள் எந்த வரிசைல பேசிச்சோ அதே வரிசை ரெம்ல திரும்ப ஓடுது, கிட்டத்தட்ட நிஜத்துல ஓடின அதே வேகத்துல, நிமிஷக்கணக்குல. ஆழ்ந்த தூக்கத்துல வர்ற ரீப்ளே வேற, அது ஃபாஸ்ட் ஃபார்வர்டு, சில செகண்டு சமாச்சாரம் ஒரு கண்ணிமைக்கிற நேரத்துல முடிஞ்சுடும்.

இதைச் சொல்லிட்டு ஆழ்ந்த தூக்கத்தை விட்டுட்டா தப்பாயிடும். படிச்ச பாடம், பேரு, தேதி, வார்த்தை ஜோடி மாதிரி சமாச்சாரத்துக்கு ஆழ்ந்த தூக்கத்தோட ஆதாரம்தான் மனுஷங்க கிட்ட பலமா இருக்கு. அங்க மெதுவான பெரிய அலை, அது மேல ஸ்பிண்டில்னு ஒரு கதிர் மாதிரி அலை, அதுக்குள்ள ஹிப்போகேம்பஸோட ரிப்பிள்ங்கற வேகமான குட்டி அலை, மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருந்தி வேலை செய்யுது. ஜெர்மனில யான் போர்ன் குழு 1997ல ராத்திரியை ரெண்டா வெட்டிப் பாத்தாங்க: முன்ராத்திரி தூங்கினவங்க வார்த்தை ஜோடியை நல்லா ஞாபகம் வெச்சிருந்தாங்க, பின்ராத்திரி தூங்கினவங்க கண்ணாடில பாத்துப் படம் வரையுற கைப்பழக்கத்துல முன்னேறினாங்க. பின்ராத்திரிலதான் ரெம் ஜாஸ்தி. எங்க லேப்ல ஒரு பேஷண்டோட ராத்திரி கிராஃபைப் பாத்தாலே இது கண்ணுக்குத் தெரியும், ஆழம் எல்லாம் இடது பக்கம், ரெம் எல்லாம் வலது பக்கம். ரெண்டும் மாறி மாறி ஒரே வேலையோட ரெண்டு கட்டத்தைச் செய்யுதுன்னு ஒரு கருத்து ரொம்ப நாளா இருக்கு, நானும் அந்தப் பக்கம்தான்.

கெமிக்கல் விஷயம் ஒண்ணு சேத்துக்கோங்க. ரெம்ல அசிட்டைல்கோலின் முழிச்சிருக்குற அளவுக்கு ஏறி நிக்கும், நார்அட்ரினலினும் செரோடோனினும் விடுற நியூரான்கள் கிட்டத்தட்ட மொத்தமா அமைதி ஆயிடும். நார்அட்ரினலின்னா பதட்டத்தோட கெமிக்கல். நாள் முழுக்க அது நிக்காம சுரந்துக்கிட்டே இருக்கும், இருபத்திநாலு மணி நேரத்துல அது முழுசா லீவு எடுக்கிறது ரெம்ல மட்டும்தான். மனசைப் பாதிச்ச சம்பவங்களை ரெம்ல மூளை எடுத்துப் புரட்டுதுங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொல்றாங்க. 2009ல நிஷிடா, மேத்யூ வாக்கர் குழு பகல்ல ஒரு குட்டித் தூக்கம் போட வெச்சுப் பாத்ததுல, ரெம்ல நெத்திப் பக்கம், அதுவும் வலது பக்கம், தீட்டா எவ்வளவு பலமா இருந்துச்சோ அவ்வளவுக்கு மனசைத் தொட்ட படங்கள் ஞாபகத்துல நின்னுச்சு, சாதாரணப் படங்களுக்கு அப்படி இல்ல. இது மனுஷங்க கிட்ட, தலைக்கு வெளியிலேர்ந்து அளந்தது. ஆனா பாருங்க, இது ரெண்டும் சேந்து வந்துச்சுன்னுதான் சொல்லுது, எதால எதுன்னு சொல்லல, மறுபடி பைக் சத்தம்தான். சுண்டெலிக்கு லைட் போட்ட மாதிரி மனுஷனுக்குப் போட முடியாதே.

இப்ப உங்க சார் சொன்னதுக்கு வர்றேன். அவர் கையில பலமான வாதம் இருக்கு. மனச்சோர்வு மாத்திரை நிறைய ரெம்மைக் குறைக்கும், பழைய சில மாத்திரை மாசக்கணக்குல ரெம்மை கிட்டத்தட்ட ஒழிச்சே விட்டுடும், அந்த பேஷண்டுங்க யாரும் ஞாபகம் போச்சுன்னு வந்து நிக்கல. தூக்க ஆராய்ச்சியாளர் ஜெரோம் சீகல் 2001ல இதை எல்லாம் அடுக்கி எழுதினாரு. இஸ்ரேல்ல ஒருத்தருக்கு குண்டுச் சிதறல் மூளைத்தண்டுல தங்கி ரெம் கிட்டத்தட்ட இல்லாமயே போயிடுச்சு, அவர் அதுக்கப்புறம் சட்டம் படிச்சு முடிச்சாரு. போர்ன் குழுவே 2009ல ரெம்மைக் குறைக்கிற மாத்திரை குடுத்து விரலால தட்டுற பயிற்சிய சோதிச்சாங்க, கெடும்னு பாத்தா முன்னேறிடுச்சு. இதுக்கெல்லாம் பதில் சொல்லாம "ரெம்தான் ஞாபகம்"னு வீடியோ போடுறது நியாயம் இல்ல.

என் பார்வைல இது 2016 ஆராய்ச்சியோட மோதல, ஏன்னா அங்க கெட்டது இட ஞாபகம், ஹிப்போகேம்பஸ் ஞாபகம். விரல் தட்டுறது வேற சமாச்சாரம். மாத்திரை மாசக்கணக்குல போட்டா மூளை வேற வழி பண்ணிக்கும், அங்க கற்ற உடனே நாலு மணி நேரம் திடீர்னு பிடுங்கினாங்க. அதோட மாத்திரை ரெம்மைக் குறைக்கும்போதே செரோடோனின், நார்அட்ரினலினையும் ஏத்துது, அதுக்குன்னு தனி விளைவு இருக்கும்.

இன்னும் ஒரு சிக்கல், எனக்கு இதுதான் ரொம்ப சுவாரஸ்யம். ரெம் பதிய வைக்கிறது மட்டும் இல்ல, அழிக்கவும் செய்யுது. 2017ல நியூயார்க்ல வென்-பியாவ் கான் குழு சுண்டெலி மூளைல கைகால் அசைவுப் பகுதிய மைக்ராஸ்கோப்ல நேராவே பாத்தாங்க, புதுசா ஒரு அசைவு கத்துக்கிட்டா நியூரான் கிளைல புது மொட்டு முளைக்கும், ரெம் அதுல நிறைய மொட்டைக் கிள்ளிப் போட்டுட்டு சிலதை மட்டும் கெட்டியாக்கிச்சு. நாத்து நட்டவங்களுக்குத் தெரியும், நெருக்கமா விட்டா எதுவும் வளராது, நடுநடுவுல சிலதைப் பிடுங்கி விடணும். ஜப்பான்ல 2019ல யமனாகா குழு மூளையோட அடிப்பகுதில இருக்குற ஹைப்போதலமஸ்ல எம்சிஎச்ங்கற வகை நியூரான்கள்ல ரெம்ல மட்டும் வேலை செய்யுற சிலதைக் கண்டுபிடிச்சாங்க, ரெம்ல அதை அடக்கினா சுண்டெலியோட ஞாபகம் நல்லா ஆச்சு, அதாவது சாதாரணமா அது மறக்க வைக்கிற வேலைதான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. ஒரே ரெம்முக்குள்ள தீட்டா ஒண்ணைக் காப்பாத்துது, இன்னொரு கூட்டம் வேற ஒண்ணைத் துடைக்குது. அதனால ரெம்மை மொத்தமா எடுத்துட்டுப் பாத்த பழைய ஆராய்ச்சில ஒரு லேப்ல கெட்டுச்சு, இன்னொரு லேப்ல ஒண்ணும் ஆகலன்னு வந்ததுல ஆச்சரியமே இல்ல, கூட்டலையும் கழித்தலையும் சேத்துத் தூக்கினா மிச்சம் என்ன வேணா வரும்.

தீட்டா மியூசிக் கேள்விக்கு: வேண்டாம் தம்பி, காசு குடுத்து எதுவும் இறக்காதீங்க. ரெம் தீட்டாவோட தாளத்தைப் போடுறது உள்ள இருக்குற செப்டம், காதுல கேக்குற பாட்டு போய் அதைப் பிடிச்சு ஆட்டுறது இல்ல. 2016 ஆராய்ச்சிய ஆதாரமா காட்டி அப்படி விக்கிறாங்கன்னா அவங்க அதைப் படிக்கல, அதுல தீட்டாவைக் குறைச்சாங்க, ஏத்தவே இல்ல. காசில்லாம செய்ய வேண்டியதுன்னா ராத்திரி தண்ணியடிக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தா அது முன்ராத்திரி ரெம்மை நேராவே அமுக்கும், அதை விடலாம்.

நாலு மணிக்கு எழுந்து படிக்கிறதுக்கு. விடியக்காலைல படிச்சா மனசுல நிக்கும்னு நம்ம வீட்டுல எல்லாரும் சொல்லி வளத்ததுதான், அந்தக் காலத்துல அது தப்பே இல்ல, ஏன்னா எட்டரைக்கெல்லாம் விளக்கை அணைச்சுட்டுப் படுத்தவங்க அவங்க, நாலு மணிக்குள்ள ஏழரை மணி நேரம் தூங்கி முடிச்சிருப்பாங்க. நீங்க பன்னெண்டு மணி வரைக்கும் படிச்சிட்டு நாலு மணிக்கு அலாரம் வெச்சா வெட்டுப்படுறது தூக்கத்துல பாதி மட்டும் இல்ல, ரெம்ல பெரும்பகுதி. ஒன்பதரைக்குப் படுக்க முடியும்னா தாராளமா அஞ்சு மணிக்கு எழுங்க.

போன வருஷம் ஒரு பிளஸ் டூ பொண்ணு, பகல்ல தூங்கி வழியுறான்னு அம்மா கூட்டிட்டு வந்தாங்க, டெஸ்ட்டுக்குப் படுத்திருந்தா. தலைமாட்டுல போன்ல நாலு மணிக்கு அலாரம் வெச்சிருக்கான்னு எங்களுக்குச் சொல்லல. வீட்டுல பன்னெண்டரைக்குத்தான் படுப்பேன்னு சொன்னதால அன்னிக்கும் லேட்டாத்தான் லைட்டை அணைச்சோம். மூணு அம்பதுக்கு ராத்திரியோட முதல் நல்ல ரெம் தொடங்கிச்சு, தாடை லைன் தட்டை, கண்ணு ரெண்டும் எதிரெதிரா வெட்டுது, நடுவுல சாடூத். பத்தொம்பது பக்கம் குறிச்சேன். இருபதாவது பக்கத்தோட நடுவுல அலாரம் அடிச்சது, தாடை லைன் திரை முழுக்கத் துள்ளிச்சு, கேமரால பாத்தா தலையில வயரோட எழுந்து உக்காந்து கையால புக்கைத் துழாவிக்கிட்டு இருந்தா.